நின்னு கேக்க ஒரு ஆளு

உக்காருங்க தம்பி. அந்தச் சேரு ஆடும், இதுல உக்காருங்க. உள்ள இருக்கது யாரு, அப்பாவா? நினைச்சேன். மூச்சுத் திணறலா? மாஸ்க் கட்டியிருக்காவளா? சரி, சரி. பயந்துராதீய. இந்த ஐசியு வாசல்ல நான் உக்காராத சேரு கெடையாது, பாத்துக்கிடுங்க. எந்தக் கதவு எப்பத் தெறக்கும், எந்த வாச்மேன் நல்லவன், எவன் முசுடு, எல்லாம் எனக்கு அத்துப்படி. உங்களுக்கு என்ன சந்தேகம்னாலும் என்னையக் கேளுங்க, இங்க உள்ள டாக்டருமாரைக் கேக்காதீய. அவுக ஒண்ணும் விளங்கும்படியாச் சொல்ல மாட்டாவ.

எம் பேரு பிரமநாயகம். டவுன்ல ஒரு கல்யாண மண்டபத்துல முப்பது வருசம் மேனேஜரா இருந்தவன். இப்ப வீட்டுல சும்மாதான் இருக்கேன். இன்னைக்கு எதுக்கு வந்தேன்னு கேக்கீயளா? அந்தா, வராந்தாக் கடைசியில ஒரு ரூம்பு தெரியுதுல்லா, அது நெஞ்சு டாக்டர் ரூம்பு. அதுக்குள்ள எந்தம்பி காந்திமதிநாதன் இருக்கான். செக்கப்புக்கு வந்திருக்கான். கூட அவன் பொஞ்சாதி உலகம்மா. நான் இங்கன உக்காந்திருக்கது அவுகளுக்குத் தெரியாது. இன்னைக்கு வாராவன்னு மருந்துக்கடைக்காரரு வாயைக் கிண்டித் தெரிஞ்சுக்கிட்டு, விடிஞ்சதும் விடியாததுமா வந்து உக்காந்துட்டேன்.

அவன் எங்கிட்டப் பேசி நாளாச்சு தம்பி. பொங்கலுக்குப் பெறவு ஒரு வார்த்தை கெடையாது. கூடப் பொறந்தவன். எங்க அப்பா செத்த பெறவு அவனுக்கு மீசை முளைக்கது முதக்கொண்டு நான் இருந்து பாத்தது. அந்தக் கதவைத் தெறந்து வெளிய வரும்போது 'அண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா எனக்குப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் காப்பி கூடக் குடிக்காம உக்காந்திருக்கேன்.

இத்தனைக்கும் அவன் உசுரைக் காப்பாத்திக் குடுத்தவன் நான். கேட்டா சிரிப்பீய. சொல்லுதேன், கேளுங்க. உங்களுக்கும் உபயோகப்படும்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. ஆஸ்பத்திரிங்கது கல்யாணப் பந்தி மாதிரி. நின்னு கேக்க ஒரு ஆளு வேணும். எலையைப் போட்டாச்சு, இனி அது பாட்டுக்கு நடக்கும்னு நம்மபாட்டுக்கு இருந்தோம்னு வைங்க, கடைசி வரிசைக்குப் பாயசம் வராது. கூட்டு வச்சவன் பொரியலை மறந்துருவான். ஒரு ஆளு தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு, ஏய் அங்க அப்பளம் எங்க, இங்க மோர் எங்கன்னு ஒரு சத்தம் போட்டாத்தான் கரண்டி நகரும். முப்பது வருசத்துல நான் சத்தம் போடாம ஒரு பந்தியாவது ஒழுங்கா எந்திரிச்சிருக்கான்னு நீங்க டவுன்ல யாரைனாலும் கேட்டுப் பாருங்க. சமையக்காரன் என்னையக் கண்டா ஒளிவான். ஒளியணும். பயம் இருந்தாத்தான் உப்பு சரியா இருக்கும்.

போன ஐப்பசி அடைமழையில தம்பிக்காரன் காய்ச்சல்னு படுத்தான். கசாயம் போட்டுக் குடிச்சான். கேக்கல. பேச ஆரம்பிச்சா பாதியிலயே நிறுத்துதான், மிச்சத்துக்கு மூச்சு இல்ல. இங்கன தூக்கிட்டு வந்தோம். எக்ஸ்ரேயைப் பாத்துட்டு நெஞ்சு ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்குன்னாரு டாக்டரு. வெள்ளையா இருந்தா நல்லதுதானேன்னு கேட்டேன். என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு, நல்லா இருந்தா கருப்பாத்தான் இருக்கும், வெள்ளையெல்லாம் சளியும் நீரும், காத்து போக எடமில்லன்னாரு. நிமோனியா முத்திப் போச்சு, ஆபத்துதான்னு உலகம்மாட்டச் சொன்னாரு. அவ அங்கனயே தரையில உக்காந்துட்டா.

உள்ள போக ஒரு ஆளுக்குத்தான் பாஸ். கழுத்துல மாட்டுத அட்டை. அதை உலகம்மா கழுத்துல மாட்டிவிட்டாவ. நான் கழத்தி எங் கழுத்துல போட்டுக்கிட்டேன். அவளுக்கு என்ன கேக்கத் தெரியும், சொல்லுங்க. புருசனைக் கண்டா அழத்தான் தெரியும். அத்தான், நான் ஒரு தடவை பாத்துட்டு வாரேனேன்னா. பாக்கலாம், எங்க ஓடிப் போறான்னு சொன்னேன்.

உள்ள ஒரு நர்ஸ் இருந்தா. சிஸ்டர் மரியபுஷ்பம்னு பேரு. ஒல்லிக் குச்சி, மூக்குக்கண்ணாடி, வயசு நாப்பது இருக்கும். குரலே வெளிய வராது தம்பி. நான் சத்தம் போட்டு ஒண்ணு கேட்டா அவ ரகசியம் பேசுத மாதிரி பதில் சொல்லுவா. எனக்கு அப்பவே பிடிக்கல. குரல் இல்லாதவ நாலு பேரை எப்படி வேலை வாங்குவா?

அவ செஞ்ச கூத்தைக் கேளுங்க. எந்தம்பி மூஞ்சியில மாஸ்க்கை வச்சு, பின்னந்தலையில வாரால இறுக்கிக் கட்டியிருந்தாவ. காத்தை அடிச்சு உள்ள தள்ளுத மிஷினு. அவனுக்கு அது பிடிக்கல, கையால பிடுங்கப் பாக்கான். நான் போயி நிக்கேன், இவ என்ன செய்தா, மாஸ்க்குக்கு அடியில மூக்குத்தண்டுல ஒரு பஞ்சு மாதிரி எடுத்து வைக்கா. மூக்குல பஞ்சு வைக்கது யாருக்குன்னு உங்களுக்கே தெரியும். என்ன தாயி இதுன்னு கேட்டேன். மாஸ்க்கு உரசித் தோலு கிழிஞ்சிரும், அதுக்குத்தான்னா. கிழிஞ்சா களிம்பு போடு, அதுக்குன்னு உசுரோட இருக்கவனுக்குப் பஞ்சு வைக்கலாமா?

தண்ணி தண்ணின்னு கையைக் காட்டுதான். இவ ஒரு ஈரத்துணியை எடுத்து உதட்டைத் துடைக்கா. நெஞ்சுக்குள்ள தண்ணி போயிருமாம், இப்பக் குடுக்கக் கூடாதாம். எந்த ஊரு நியாயம் இது? வாய் வழியாக் குடிக்கத் தண்ணி வயித்துக்குப் போகுமா நெஞ்சுக்குப் போகுமா?

அதுக்கும் மேல ஒண்ணு செஞ்சா. மறுநாள் போறேன், எந்தம்பியைக் குப்புறப் போட்டிருக்கு.

ஆமா தம்பி, குப்புற. நெஞ்சுக்கடியில ஒரு தலையணை, இடுப்புக்கடியில ஒரு தலையணை, மூஞ்சியை ஒரு பக்கமாத் திருப்பி வச்சு, மாஸ்க்கு மாட்டின படிக்கு. மனுசன்னா மல்லாந்து படுக்கணும், இல்ல ஒருக்களிச்சுப் படுக்கணும். குப்புறக் கிடக்கது ரெண்டு பேருதான். ஒண்ணு குடிச்சவன், இன்னொண்ணு குளத்துல மிதக்கவன். எங்க குடும்பத்துல இது ரெண்டும் கெடையாது. என்னத்துக்கு இப்படின்னு கேட்டா, முதுகுப் பக்கத்து நுரையீரல்லதான் எடம் ஜாஸ்தியாம், மல்லாந்து கிடந்தா அது நசுங்கிப் போகுமாம், குப்புறக் கிடந்தா அதுக்குக் காத்து போகுமாம். நான் கேட்டேன், மூக்கு முன்னால இருக்கு, வாயி முன்னால இருக்கு, காத்து மட்டும் முதுகு வழியாப் போகுமான்னு. தலைமாட்டு டிவியைக் காட்டுதா. ரத்தத்துல ஆக்சிஜன் எம்பத்திச் சொச்சமா இருந்தது தொண்ணூத்தி மூணு ஆயிருக்காம். நம்பரு ஏறுது தாயி, குடும்ப மானம் எறங்குதேன்னு சொன்னேன்.

அதோட விட்டாளா? ஒரு ஸ்டூலைப் போட்டு, பத்தலன்னு தரையில முட்டி போட்டு, அவன் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு உக்காந்துக்கிட்டா. உக்காந்துக்கிட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டு, இழுங்க, விடுங்க, நான் இங்கதான் இருக்கேன், இழுங்க, விடுங்கன்னு ஒரே பேச்சு. நான் கண்ணாடி வழியாப் பாக்கேன், எழவு அவ எந்திரிக்கவே இல்ல. வேலை நேரத்துல நோயாளிகூட உக்காந்து கதை அடிக்கா. எங்க மண்டபத்துல எலை எடுக்கவ இப்படி உக்காந்தா அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவேன்.

எந்தம்பி மாஸ்க்கைப் பிடுங்கலையான்னு கேக்கீயளா? பிடுங்கல. அவ பேசுத நேரம் சும்மாத்தான் கிடந்தான். அசதியா இருக்கும்.

இப்படி இருக்கையில விருதுநகர்ச் சம்பந்தி வந்தாவ. எந்தம்பி நாதன் மகளை அங்கதான் குடுத்திருக்கு. எண்ணெய் வியாபாரம், பெரிய கை. மாப்பிள்ளையோட அம்மாவும் அப்பாவும் கார் போட்டுக்கிட்டு, ஆப்பிளு, ஹார்லிக்ஸு, சாத்துக்குடின்னு ஒரு கூடை நிறைய வாங்கிக்கிட்டு வந்து இறங்குதாவ. நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முடியாதவுகளைப் பாக்க வந்தா முகத்தைப் பாக்கணும். பாத்து, நான் யாருன்னு தெரியுதான்னு ஒரு வார்த்தை கேக்கணும். அவுக தலையை ஆட்டணும். அப்பத்தான் வந்து பாத்ததுக்கு ஒரு அடையாளம். இல்லன்னா வாசலோட வந்துட்டுப் போன கணக்கு.

கண்ணாடி வழியாக் காட்டுனேன். என்ன தெரியும்? முதுகு தெரிஞ்சுது. சம்பந்தியம்மா எங்கிட்ட, என்ன அண்ணாச்சி, ஒரு தடவை திருப்பிப் போட்டா முகத்தைப் பாத்துட்டுப் போயிருவோம்லா, இவ்வளவு தூரம் வந்துட்டு முதுகைப் பாத்துட்டுப் போகவான்னு கேட்டுட்டாவ. பொண்ணைக் குடுத்த எடம் தம்பி. அவுக வாயைத் தெறந்து ஒண்ணு கேட்டு, இல்லன்னு சொல்லுத நாக்கு நமக்கு உண்டா?

அந்தச் சிஸ்டர்ட்டப் போயிச் சொன்னேன். முடியாதுன்னுட்டா. இப்பத் திருப்பினா தாங்க மாட்டாரு, வேணும்னா ஒவ்வொருத்தரா வாங்க, தரையில உக்காந்து குனிஞ்சு பாருங்க, முகம் நல்லாத் தெரியும்னா. கேட்டீயளா கதையை? பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்த சம்பந்தியம்மாவைத் தரையில மண்டி போடச் சொல்லுதா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. ஆனா அடக்கிக்கிட்டேன். அடக்கத் தெரிஞ்சவன் நான்.

செத்த நேரம் கழிச்சு அவ இன்னொரு நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிக்கிட்டுக் கீழ போனா. டூட்டி டாக்டருன்னு ஒருத்தன் இருந்தான், மீசை கூடச் சரியா முளைக்கல. அவன்ட்டப் போனேன். எங்க மண்டபத்துல வருசா வருசம் கூட்டம் போடுத ஒரு கட்சிக்காரரு உண்டு, அவருக்குப் போனைப் போட்டு டாக்டர் கையில குடுத்தேன். அவரு என்ன சொன்னாரோ, இவனுக்கு வேர்த்துட்டு. நானும் என் பங்குக்கு ஒரு சத்தம் போட்டேன். பந்தியில போடுத சத்தம்தான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. சரி, ரெண்டே நிமிசம்னான். ரெண்டு ஆளு பிடிச்சு நாதனை மல்லாக்கத் திருப்புனாவ.

அப்பத்தான் தம்பி எனக்கு மூச்சே வந்துது. மனுசன் மனுசன் மாதிரி கிடந்தான். சம்பந்தியை உள்ள கூட்டிக்கிட்டு வந்தேன். மாஸ்க்கு பாதி மூஞ்சியை மறைக்கு. டாக்டரு அந்தப் பக்கம் போன்ல கும்பிடு போட்டுக்கிட்டு இருந்தான். நான்தான் மாஸ்க்கை ஒரு இணுக்குத் தூக்குனேன். ஒரே ஒரு இணுக்கு. சம்பந்தியம்மா குனிஞ்சு, "என்ன சம்பந்தி, நான் யாருன்னு தெரியுதா?"ன்னு கேட்டாவ.

கண்ணைப் பெருசா முழிச்சுப் பாத்தான். தலையை ஆட்டினான். ஒரு தடவை இல்ல தம்பி, விடாம ஆட்டுதான். வாயைத் தெறந்து தெறந்து மூடுதான், என்னமோ சொல்ல வாரான். சம்பந்தியம்மாவுக்குக் கண்ணு கலங்கிட்டு. தெரியுது, தெரியுது, என்னைய நல்லாத் தெரியுதுன்னாவ. அந்த நெலமையிலயும் சம்பந்திக்கு மரியாதை குடுக்கணும்னு நினைச்சான் பாருங்க, அதுதான் எங்க வளர்ப்பு.

அதுக்குள்ள அந்த டிவி கிய்யா கிய்யான்னு கத்த ஆரம்பிச்சிட்டு. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆச்சு. அந்தச் சிஸ்டரு எங்க இருந்துதான் வந்தாளோ, பாய்ஞ்சு வந்தா. எங் கையில இருந்து மாஸ்க்கைப் பிடுங்கி அவன் மூஞ்சியில அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எங்க இருந்து வந்துச்சோ அந்தக் குரலு, "எல்லாரும் வெளிய போங்க"ன்னா. ஐசியு பூராவும் கேட்டுது. நான் நின்னேன். அண்ணன்லா, நிக்கணும்லா. எம் முழங்கையைப் பிடிச்சு, சம்பந்தி பாத்துக்கிட்டு இருக்கும்போதே, தரதரன்னு கொண்டு வந்து கதவுக்கு வெளிய விட்டுட்டுப் போனா. இந்தா, இந்தக் கதவுதான். என்னைய எங்க அப்பா கூட அப்படிப் பிடிச்சதில்ல.

பெறவு என்ன ஆச்சா? அதைத்தான் சொல்ல வாரேன். அன்னைக்குத்தான் எந்தம்பிக்குப் பெரிய மிஷினே வச்சாவ. தொண்டைக்குள்ள குழாயை விட்டு, மயக்கத்துக்கு மருந்து குடுத்து, மிஷினே மூச்சு விடுத மாதிரி. அதுவரைக்கும் சின்ன மிஷினை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டு இருந்திருக்காவ. நான் அன்னைக்கு வாயைத் தெறக்கலன்னா அந்தச் சின்ன மிஷின்லயே வச்சு வீட்டுக்கு அனுப்பிருப்பாவ. நின்னு கேக்க ஒரு ஆளு வேணும்னு எதுக்குச் சொன்னேன்னு இப்பத் தெரியுதா?

ஆனா பெரிய மிஷினு வச்ச பெறவும் மறுபடி குப்புறத்தான் போட்டாவ. இப்ப ஆறு பேரு சேர்ந்து, தலையை ஒரு ஆளு, குழாயை ஒரு ஆளுன்னு பிடிச்சுக்கிட்டு, அந்தச் சிஸ்டரு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ண, ஒரே நேரத்துல திருப்புதாவ. ஒரு பக்கமாவே கன்னம் அழுந்தக் கூடாதுன்னு அப்பப்போ தலையை மாத்தி வைக்கா. கண்ணுல மருந்து ஊத்தி மூடி விடுதா. மயக்கத்துல கிடக்கவன்ட்ட, நாதன் சார், இப்பக் கையைத் தூக்கப் போறேன், இப்ப முதுகைத் துடைக்கப் போறேன்னு சொல்லிச் சொல்லிச் செய்தா. யாரு கேக்கப் போறான்னு அவ பேசுதா? அவளுக்குப் பேச ஆளு வேணும், அவ்வளவுதான்.

என்னால அந்த முழங்கைச் சமாச்சாரத்தை மறக்க முடியல. ஆபீசுக்குப் போயி, இந்தப் பொம்பளை இருந்தா எந்தம்பியைக் கொன்னுபோடுவா, மாத்துங்கன்னு புகார் சொன்னேன். சும்மா சொல்லல, கட்சிக்காரரு பேரையும் சேர்த்துச் சொன்னேன். மாத்திட்டாவ. மாடியில எங்கயோ காய்ச்சல் வார்டுல போட்டாவ. எனக்குத் திருப்தி. வேற ஒரு பிள்ளை வந்துது, சின்னப் பிள்ளை. நான் சொன்னா உடனே தலையை ஆட்டும். அப்படி இருக்கணும். ஆனா அந்த ரெண்டு நாளும் எந்தம்பிக்கு உடம்பு கொஞ்சம் எறங்கித்தான் போச்சு. நேரம் சரியில்ல.

அந்த மரியபுஷ்பம் டூட்டி முடிஞ்ச பெறவும், வீட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு, கண்ணாடிக்கு வெளிய நின்னு உள்ள பாத்துக்கிட்டு இருந்தா. மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்னு நினைச்சேன். எங்கிட்ட வரல. வரதுக்குக் கூச்சமா இருந்திருக்கும்.

மூணா நாளு உலகம்மா எம் முன்னால வந்து நின்னா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து எம் முன்னால நின்னு பேசாத பொண்ணு. ஏதாவது சொல்லணும்னா கதவுக்குப் பின்னால நின்னு சொல்லும். அன்னைக்கு நேரா எங் கழுத்தைப் பாத்துச் சொல்லுதா, "அத்தான், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன். அந்த அட்டையைக் குடுத்துட்டு நீங்க வீட்டுக்குப் போங்க. எனக்கு அவுக வேணும்."

எம் மேல எவ்வளவு அக்கறை பாருங்க. ராப்பகலா உக்காந்து எனக்கு ஏதும் ஆகிரக் கூடாதுன்னு. அவுக வேணும்ங்கது என்னையச் சொல்லுதாளா அவனைச் சொல்லுதாளான்னு ஒரு நிமிசம் எனக்குப் புரியல. நான் குடுக்கல. அவளே கையை நீட்டிக் கழத்தி எடுத்துக்கிட்டா. வந்துட்டேன்.

நான் இந்தப் பக்கம் வீட்டுக்கு வந்தேன், அந்தப் பக்கம் அவ ஆபீசுக்குப் போயி, புகாரு எங்க வீட்டுப் புகாரு இல்ல, அந்தச் சிஸ்டரே வரட்டும்னு சொல்லியிருக்கா. நின்னு கேக்க ஆளு இல்லன்னதும் அந்தச் சிஸ்டரும் திரும்பி வந்துட்டா. மறுபடி குப்புற, மறுபடி மல்லாக்க, மறுபடி குப்புற. நான் வீட்டுல உக்காந்து என்ன செய்ய? திருச்செந்தூருக்கு நடந்தே வாரேன் முருகான்னு நேர்ந்துக்கிட்டேன். அதுக்குப் பெறவுதான் கொஞ்சம் கொஞ்சமாத் தேறினான். தொண்டையில ஓட்டை போட்டு, பெறவு அதை மூடி, கார்த்திகை கழிஞ்சு வீட்டுக்கு வந்துட்டான். எல்லாம் அந்த நேர்த்திக்கடன். முட்டு வலியால நடக்க முடியல, கார்ல போயிட்டு வந்துட்டேன். முருகனுக்குத் தெரியும்.

பொங்கலுக்கு அல்வா வாங்கிக்கிட்டு அவனைப் பாக்கப் போனேன். நாற்காலியில உக்காந்திருந்தான், மூக்குல சின்னக் குழாயோட. பாதியா எளைச்சுப் போயிருந்தான். எனக்கு அழுகையே வந்துட்டு தம்பி. மறைச்சுக்கிட்டு, எப்படிடே இருக்கன்னு கேட்டேன். விட்டு விட்டுப் பேசினான். அண்ணே, உள்ள கிடக்கும்போது கண்ணு ஒண்ணும் தெரியல, குரலுதான் கேட்டுது. ஒரு குரலு கீழ இருந்து வரும். இழுங்க, விடுங்க, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன்னான்.

நான்தாம்டே அதுன்னேன். ஆமா தம்பி, நான்தான. அங்கனயே கிடந்தவன் நான். நான் மனசுல நினைச்சது அவனுக்குக் குரலாக் கேட்டிருக்கும். உலகம்மா விறுவிறுன்னு அடுக்களைக்குள்ள போயிட்டா. அவன் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். பெறவு, "இன்னொரு குரலு இருந்துச்சு அண்ணே. அதைக் கேட்டா, இதோட மூச்சு நின்னு போயிரும்னு பயமா இருக்கும். இப்பவும் சொப்பனத்துல வருது"ன்னான்.

யாருடே அதுன்னேன். சொல்ல வாயைத் தெறந்தான், இருமல் வந்துட்டு. எனக்குப் புரிஞ்சு போச்சு. அந்த மீசை முளைக்காத டாக்டரைத்தான் சொல்லுதான். வேற யாரு? எனக்கு ரத்தம் கொதிச்சிட்டு. எந்திரிச்சு நின்னு, அவனை நான் சும்மா விட மாட்டேன், நீ ஒண்ணுக்கும் பயப்படாத, அண்ணன் நான் இருக்கேன், அந்த ஆஸ்பத்திரியை ரெண்டுல ஒண்ணு பாக்கேன்னு நல்ல சத்தமாச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவனுக்கு இரைக்க ஆரம்பிச்சிட்டு. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான், முகமெல்லாம் வேர்வை. உலகம்மா ஓடி வந்து முதுகைத் தடவிக்கிட்டு, எங்கிட்ட வாசலைக் காட்டினா.

அன்னைக்குப் போனவன்தான். பெறவு டாக்டரே சொல்லிட்டாராம், நான் கொஞ்ச நாளைக்கு வரக் கூடாதுன்னு. சந்தோசமோ துக்கமோ ஜாஸ்தியானா மூச்சு முட்டுமாம். என்னையக் கண்டா அவனுக்கு அவ்வளவு சந்தோசம். பாசத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? போன் போட்டாலும் உலகம்மாதான் எடுக்கா. தூங்குதாவங்கா. எப்பப் போட்டாலும் தூங்குதான்.

அது கெடக்கட்டும். உங்க அப்பாவை எப்படிப் படுக்க வச்சிருக்காவ? குப்புறவா? நினைச்சேன். அதே சிஸ்டருதானே? கண்ணாடி, ஒல்லியா? பாத்தீயளா. நீங்க என்ன தம்பி, படிச்சவுக மாதிரி இருக்கீய, பேசாம உக்காந்திருக்கீய. எந்திரிங்க. நான் வாரேன் உங்ககூட, ரெண்டு வார்த்தை கேப்போம்.

என்ன, வேண்டாங்கீயளா? அவுக சொல்லுததைக் கேட்டுக்கிடுதீயளா? ம். உங்க இஷ்டம். உங்க அப்பா. கையை விடுங்க தம்பி, நான் ஒண்ணும் போகல. உக்காந்துட்டேன், போதுமா?

இருங்க. கதவு தெறக்கு.

அவன்தான். எந்தம்பி. பாத்தீயளா, தானா நடந்து வாரான். மூக்குல குழாயைக் காணும், எடுத்துட்டாவ. கன்னத்துல கொஞ்சம் சதை வச்சிருக்கு. உலகம்மா கையில பைலு. அந்தச் சிஸ்டரும் கூட வாரா, பாருங்க, அவகிட்டச் சிரிச்சுப் பேசிக்கிட்டு வாரான். நல்லா நீளமாப் பேசுதான் தம்பி. நடுவுல நிறுத்தாமப் பேசுதான்.

கூப்பிடணும். இப்பக் கூப்பிட்டா சரியா இருக்கும், இன்னும் என்னையப் பாக்கல. எங் குரலு கேட்டா டக்குனு திரும்பிருவான்.

செத்த தள்ளுங்க. நான் இந்தச் செவருக்கு அந்தால நின்னுக்கிடுதேன். இல்ல, ஒண்ணும் இல்ல. மெதுவாப் பேசுங்க தம்பி, கேட்டுரும். நீங்க அங்கயே இருந்து பாத்துச் சொல்லுங்க. எங்க வந்திருக்கான்? உங்களைத் தாண்டிட்டானா? எப்படி நடக்கான், நல்லா நடக்கானா? இரைக்கா? இரைக்கலல்லா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ம். இந்தப் பக்கம் திரும்பினானா? சேரையெல்லாம் பாத்தானா, யாரையும் தேடுத மாதிரி? இல்லையா. சரி.

லிப்ட்டுக்குள்ள போயாச்சா? கதவு மூடிட்டா? மூடிட்டுன்னா சொல்லுங்க, வாரேன்.

நான் கூப்பிடல, பாத்துக்கிடுங்க. கூப்பிட்டிருந்தா நின்னிருப்பான்.